ஒரு பானைச் சோறா நிலக்கரி?

மாத்தளைச் சந்தைக்கு மிளகு கொண்டு செல்லும் கமக்காரனைக் கேளுங்கள். சாக்கை அவிழ்த்ததும் வியாபாரி என்ன செய்கிறான்? மேலே கிடக்கும் மணியைப் பார்த்து விலை சொல்லி விடுகிறானா? இல்லை. கையை அடிவரை விட்டு ஒரு பிடி அள்ளுகிறான், உள்ளங்கையில் உருட்டுகிறான், ஊதிப் பார்க்கிறான், அரிதட்டில் இட்டு அரிக்கிறான், லீற்றர் நிறை பார்க்கிறான். சொத்தை இத்தனை, தூள் இத்தனை, காம்பு இத்தனை, ஈரம் இத்தனை என்று கணக்குச் சொல்லி விலையை வெட்டுகிறான். இறத்தோட்டையிலும் எல்கடுவையிலும் கொழுந்து பறிக்கும் நம் தாய்மாரின் கதை இதனினும் கொடிது. மழை நாளில் இலையின் ஈரத்திற்கென்று ஒரு கழிவு. சாக்கின் பாரத்திற்கென்று ஒரு கழிவு. ஏழையின் பொருள் தராசுக்கு வரும்போது உலகத்து நுணுக்கம் யாவும் விழித்துக்கொள்கின்றது!

இதே நாட்டில் நுரைச்சோலை அனல் மின்நிலையத்துக்கு ஆண்டுதோறும் ஏறத்தாழ 22 இலட்சம் தொன் நிலக்கரி கப்பல் கப்பலாக வந்து இறங்குகின்றது. அதன் விலையை மின்கட்டணமாகச் செலுத்துபவர்கள் நாம். அந்தக் கரி எவ்வாறு உடைகின்றது, வழியிலே எவ்வளவு தூளாகின்றது, அத்தூளில் எவ்வளவு அடுப்புக்குப் போகின்றது, எவ்வளவு அயலவன் தோட்டத்துக்குப் போகின்றது என்று கேட்டால் மட்டும், "அது தொழில்நுட்ப விடயம், உங்களுக்கு விளங்காது" என்ற விடை கிடைக்கின்றது. மிளகுக்கு அரிதட்டு உண்டு; கொழுந்துக்குக் கழிவு உண்டு; கப்பற் கரிக்குரிய கணக்கை மட்டும் மக்கள் கேட்கலாகாதா? கேட்போம். விளங்கிக்கொண்டே கேட்போம்.

மாத்தளைக்கும் கரிக்கும் என்ன உறவு?

"புத்தளம் கடற்கரையில் இறங்கும் கரிக்கும் மலையடிவாரத்து மாத்தளைக்கும் என்ன தொடர்பு?" என்று வினவுவோர் உளர். தொடர்பு நீரிலே இருக்கின்றது.

1976 ஆம் ஆண்டிலே பொல்கொல்லையில் மகாவலி மறிக்கப்பட்டது. அங்கிருந்து ஏறத்தாழ எட்டுக் கிலோமீற்றர் சுரங்க வழியாக நீர் நம் மாவட்டத்துள் வந்து, உக்குவெலையில் 40 மெகாவாற்று மின்சாரத்தைப் பிறப்பித்துச் சுது கங்கையிலே விழுகின்றது. அடுத்துப் போவத்தென்னை. அங்கே நீர் இரண்டாகப் பிரிகின்றது. ஒரு பகுதி மின்நிலையத்தைச் சுழற்றி அம்பன் கங்கைக்குச் சென்று, 2018 இல் திறக்கப்பட்ட மொரகஹகந்தை நீர்த்தேக்கத்தை அடைந்து, எலஹெரப் பக்கத்து வயல்களுக்குப் பாய்கின்றது. மற்றப் பகுதி சுரங்க வழியே தம்புள்ளைப் பக்கம் திரும்பிக் கலாவெவவை நோக்கி ஓடுகின்றது.

இதற்குள்ளே ஒரு பிணக்கு ஒளிந்திருக்கின்றது. பொல்கொல்லையில் திருப்பப்படாத நீர் மகாவலியிலேயே ஓடினால் 210 மெகாவாற்று விக்டோரியாவையும், அதன் கீழே இரந்தெனிகலையையும் இரந்தம்பையையும் சுழற்றும். ஆகவே, மின்சாரத்தை மட்டும் நோக்குபவனுக்கு மாத்தளைப் பக்கம் திரும்பும் ஒவ்வொரு துளியும் நட்டமாகவே தோன்றும். கமக்காரனுக்கோ அதே துளி நெல்லும் வெங்காயமும் ஆகும். இவ்விரு பசிகளுக்கும் இடையே போகத்துக்குப் போகம் நீரைப் பங்கிட்டுக் கொடுப்பதுதான் மகாவலி நீர் முகாமைத்துவச் செயலகத்தின் வேலை.

நுரைச்சோலையின் மூன்று இயந்திரங்களும் சேர்ந்து 900 மெகாவாற்று. முதலாவது 2011 இலும் மற்றவை 2014 இலும் தொழிற்படத் தொடங்கின. அவற்றுள் ஒன்று தளர்ந்தாலும், அந்தப் பளு எங்கே சென்று விழும்? எண்ணெயின் மீது விழும். இல்லையேல் நீரின் மீது விழும். 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் நேர்ந்த கோளாற்றினால் நாடு முழுவதும் இருண்டபோது நுரைச்சோலையும் நின்றது. அது மீண்டு எழுவதற்குள் அடுத்தடுத்த நாட்களில் மின்வெட்டை நாம் அனுபவித்தோம். அது கரியின் குற்றமன்று என்பதை ஒப்புக்கொள்கின்றோம். ஆனால், ஒரே நிலையத்தில் நாடு எவ்வளவு தூரம் சாய்ந்து நிற்கின்றது என்பதை அந்த நாட்கள் காட்டிவிட்டன. நீரும் மின்சாரமும் மோதினால் என்ன நேரும் என்பதை 2023 ஓகஸ்டில் உடவளவைக் கமக்காரர் காட்டினர். சமனலவெவ நீரை மின்சாரத்துக்கென்று இருத்திவைத்தார்கள். கீழே நெற்பயிர் வாடியது. வீதியிலிறங்கிக் கேட்ட பின்னரே நீர் வந்தது.

அங்கே நடந்தது இங்கே நடவாதென்று யார் உறுதி கூறுவார்? கரி சரியில்லாத ஆண்டில் போவத்தென்னையின் கதவு யாருக்காகத் திறக்கும்? ஆகையால், கரியின் தரம் மாத்தளைக் கமக்காரனின் வாய்க்காலோடு கட்டப்பட்ட விடயம். இதைக் கேட்க அவனுக்கு முழு உரிமை உண்டு.

கரி உடையும் விதம்

நிலக்கரி பார்வைக்குக் கல். உள்ளத்தில் அது கல்லன்று. ஆதிகாலத்து மரஞ்செடிகள் படை படையாகப் படிந்து இறுகிய பொருள் அது. படைகளுக்கு இடையே பலவீனமான தளங்கள் உண்டு. படைகளைக் குறுக்கறுக்கும் நுண்ணிய வெடிப்புகளும் உண்டு. பளபளக்கும் படை இலேசில் நொறுங்கும். மங்கிய படை எளிதில் உடையாது. ஆகவே, ஒரே சுரங்கத்துக் கரியிலும் ஒரு கட்டி நொறுங்கும், மறு கட்டி நிற்கும்.

அந்தக் கட்டி நம் நாட்டை அடையுமுன் எத்தனை முறை விழுந்தெழுகின்றது என்று எண்ணிப் பாருங்கள். சுரங்கத்தில் வெடிக்கப்படுகின்றது, உடைக்கும் பொறியிலே விழுகின்றது, புகைவண்டியில் விழுகின்றது, ஏற்றுமதித் துறைமுகத்தில் குவிக்கப்படுகின்றது, மீண்டும் வாரப்பட்டுக் கப்பலின் ஆழத்திலே கொட்டப்படுகின்றது. நுரைச்சோலைக் கரையை அணுக முடியாத பெருங்கப்பல் கடலிலே நங்கூரமிட, இரும்புக் கைகள் கரியை வாரிச் சரக்குப் படகுகளில் போடுகின்றன. படகிலிருந்து இறங்குதுறை, அங்கிருந்து ஓடும் பட்டி, பட்டியிலிருந்து மறு பட்டி, ஈற்றிலே திறந்தவெளிக் குவியல். பத்துக்கு மேற்பட்ட வீழ்ச்சிகள்! ஒவ்வொரு வீழ்ச்சியிலும் கட்டி சிறுக்கின்றது, தூள் பெருகுகின்றது.

இதை முன்கூட்டி அறிய வழியில்லையா? உண்டு. அதுவும் நூறாண்டுக்கு அண்மையாக உலகம் அறிந்த வழி. ஏழை நாட்டுக்கும் எட்டும் வழி.

முதலாவது, வீழ்த்திப் பார்க்கும் சோதனை. 23 கிலோகிராம், அதாவது 50 இறாத்தல் கரிக்கட்டிகளை ஒரு பெட்டியிலே இட்டு, ஆறடி உயரத்திலிருந்து உருக்குத் தகட்டின் மீது விழவிடுகின்றார்கள். வாரியெடுத்து மறுமுறையும் விழவிடுகின்றார்கள். பின்னர் அரிதட்டுகளில் அரித்து, பெரிய கட்டி எவ்வளவு மிஞ்சியது, எவ்வளவு சிதைந்தது என்று நிறுக்கின்றார்கள். இவ்வளவுதான்.

இரண்டாவது, உருட்டிப் பார்க்கும் சோதனை. ஒரு கிலோகிராம் கரியை உட்புறத்தில் தடுப்புகள் உள்ள சாடியில் இட்டு, நிமிடத்துக்கு 40 சுற்று வீதம் ஒரு மணி நேரம் உருட்டுகின்றார்கள். கட்டியோடு கட்டி உராய்ந்தால் எவ்வளவு தூள் பிறக்கும் என்பதை இது காட்டும்.

மூன்றாவது, அரைத்துப் பார்க்கும் சோதனை. ஹார்ட்குரோவ் என்னும் அமெரிக்கப் பொறியியலாளரின் பெயரால் வழங்குவது. 50 கிராம் சிறுமணிக் கரியை எட்டு உருக்குக் குண்டுகளின் கீழே வைத்து, 60 சுற்றுச் சுற்றி, 75 மைக்குரோமீற்றர் அரிதட்டில் எவ்வளவு இறங்குகின்றதென்று கணிக்கின்றார்கள். சுட்டெண் கூடினால் இலேசில் அரைபடும். குறைந்தால் அரைக்கும் பொறியைத் திணறடிக்கும்.

இவை மூன்றும் மூன்று கேள்விகளுக்கு விடை. விழுந்தால் என்னாகும், உராய்ந்தால் என்னாகும், அரைத்தால் என்னாகும் என்பவை வெவ்வேறு விடயங்கள். அரைபடும் எண் ஒன்றைக் காட்டி, "எல்லாம் பார்த்தாயிற்று" என்று சொல்பவன் நெல்லின் ஈரத்தை மட்டும் அளந்துவிட்டு, பதரையும் பார்த்ததாகச் சாதிப்பவன். மேலும், இரண்டு நாட்டுக் கரிகளைக் கலந்தால் அவற்றின் எண்களைக் கூட்டிப் பாதியாக்குவது பொய்க்கும். கலந்த கரியைத் தனியே சோதித்தாக வேண்டும்.

"எப்படியும் மாவாக்கத்தானே போகின்றோம்?"

இங்கே ஒரு மறுப்பு எழும். "கொதிகலனுள்ளே கரியை மாவாக அரைத்துத்தானே ஊதுகின்றோம்? வழியிலேயே உடைந்து வந்தால் அரைக்கும் செலவு மிச்சமன்றோ?" என்பார்கள். கேட்பதற்கு அழகான வாதம். ஆராய்ந்தால் உதிர்ந்துபோகும்.

அரைக்கும் பொறியினுள்ளே பிறக்கும் தூள் தீயிலே சேரும். வெளியிலே பிறக்கும் தூள் காற்றிலே சேரும். களத்திலே பொலி தூற்றுபவன் இதை அறிவான்: உயரத்திலிருந்து விழும்போது மணி காலடியில் நிற்கும், பதர் பறக்கும். நுரைச்சோலையிலும் நாள்தோறும் பொலி தூற்றுகின்றார்கள். பறக்கும் பதர் மட்டும் அயலவன் மிளகாய்த் தோட்டத்திலும் கிணற்றிலும் கூரையிலும் விழுகின்றது. அதிலும் காலத்தின் கொடுமையைக் கவனியுங்கள். கடல் அமைதியாக உள்ள மாரி, பனிக்காலங்களிலேதான் கப்பல்கள் வந்து கரியை இறக்க முடியும். தென்மேற்குப் பருவக்காற்று எழுந்ததும் கப்பல் நின்றுவிடும். காற்று மிக்க மாதங்கள் முழுவதும் அந்த மலைபோன்ற குவியல் வெட்டவெளியிலே காத்துக் கிடக்கும். வேலி எழுப்புவதும் நீர் தெளிப்பதும் பிறந்த தூளை மறிக்கும் முயற்சி. எவ்வளவு தூள் பிறக்கும் என்பதை, கரியை வாங்குமுன்னரே சோதனை சொல்லிவிடும்.

பறக்காமல் எஞ்சும் தூளும் நன்மை செய்வதில்லை. நுண்தூள் மழைநீரைப் பிடித்து வைத்திருக்கும்; அந்த நீரை ஆவியாக்கவே கொதிகலனின் வெப்பத்திலொரு பங்கு செலவாகும். ஈரத்தூள் பட்டியிலும் குழாய்களிலும் அப்பிக்கொண்டு வழியை அடைக்கும். உடைந்த ஒவ்வொரு முகமும் காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து சூடேறும். குவியல் தானாகவே புகையத் தொடங்கும். மறுபுறம், கரி அளவுக்கு மேல் கடினமாயிருந்தால் அரைக்கும் பொறி ஈடுகொடாது. இயந்திரத்தின் வலு குறையும். முற்றாக எரியாத கரி சாம்பலோடு கழியும். ஆகவே, மிகையாக நொறுங்கினாலும் நட்டம். நொறுங்க மறுத்தாலும் நட்டம். அளவறிந்து வாங்குவதே அறிவு.

பொருளின் குணமறிந்து தொழில் அமைப்பதற்குத் தமிழகத்திலேயே சான்றுண்டு. நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியில் ஏறத்தாழ பாதி நீர். உலர்ந்தால் பொலபொலவென்று உதிர்ந்துவிடும். அதைத் தூரதேசத்துக்கு ஏற்றிச் செல்ல முனைந்தால் தூளும் நட்டமும்தான் மிஞ்சும். 1956 இல் அங்கு நிறுவனம் அமைத்தவர்கள் சுரங்கத்தின் வாயிலிலேயே மின்நிலையத்தைக் கட்டினார்கள். 1962 இல் மின்சாரம் பிறந்தது. கரியைச் சோதித்து அறிந்தவன் அதற்கேற்பத் திட்டமிடுகின்றான். கடல் கடந்து வாங்கும் நமக்கோ அந்த அறிவு இரட்டிப்பாகத் தேவை.

பழமொழி பொய்க்கும் இடம்

"ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்" என்பது நம் முன்னோர் மொழி. அது பானைச் சோற்றுக்குப் பொருந்தும். ஒரே நீரில், ஒரே தீயில், கிளறி வெந்த சோறு அது. 60,000 தொன் கரிக் கப்பலுக்கு அது பொருந்தாது. கரியைக் கொட்டும்போது பெரிய கட்டிகள் உருண்டு அடிவாரத்துக்குப் போகும். தூள் நடுவிலே தங்கும். அடிவாரத்தில் ஒரு கூடை அள்ளினால் அந்தக் கப்பல் கட்டிக்கரியே என்று சான்று எழுதலாம். நடுவில் ஒரு கூடை அள்ளினால் முழுவதும் தூள் என்று எழுதலாம். இரண்டு சான்றும் எழுத்தளவில் மெய். இரண்டும் பொருளளவில் பொய்!

எனவேதான், ஓடும் பட்டியின் குறுக்கே, முழு அகலமும் அடங்க, குறித்த இடைவெளிகளில் வெட்டியெடுத்த மாதிரிகளைச் சேர்த்துச் சோதிக்க வேண்டுமென்று உலகத் தர நியமங்கள் விதிக்கின்றன. ஆய்வுகூடத்தின் தராசு எவ்வளவு நுட்பமாயினும், அதிலே வைக்கப்படும் பிடி கரி யாரால், எங்கே, எப்போது எடுக்கப்பட்டது என்பதே தீர்ப்பைத் தீர்மானிக்கின்றது. விற்பவன் துறைமுகத்தில் எடுத்த மாதிரி, இரண்டு கடல் தாண்டி, பல வீழ்ச்சிகள் கண்டு நம்மிடம் வந்த கரிக்குச் சாட்சி சொல்ல முடியுமா? வெப்பத்தின் அளவு பெரிதும் மாறாதிருக்கலாம். தூளின் அளவு மாறியே தீரும். வந்திறங்கிய இடத்தில், சுதந்திரமான கையால் எடுத்த மாதிரியே நமக்குச் சாட்சி.

இந்நாட்டு நிலக்கரிக் கொள்வனவு சந்தேகத்துக்கு அப்பாற்பட்டதென்று எவரும் மார்தட்ட முடியாது. 2016 ஆம் ஆண்டில் ஒரு நிலக்கரிக் கேள்விப்பத்திர நடைமுறையை உயர் நீதிமன்றமே கடுமையாகக் கண்டித்தது. விலையிலே ஒளிவுமறைவு புகக்கூடுமாயின், தரத்திலே புக எவ்வளவு நேரமாகும்?

"இது தமிழர் பிரச்சினையா?"

நம்மவருள்ளும் சிலர் முகஞ்சுளிப்பர். "மொழி, காணி, வீடு என்று ஆயிரம் இருக்கக் கரியைப் பற்றி ஏன் பேச்சு?" என்பர். அவர்களை நுரைச்சோலைக்கும் கற்பிட்டிக்கும் ஒருமுறை போய்வரச் சொல்கின்றோம். தூசி படியும் அந்தக் கரையோரக் குடிசைகளிலே பெரும்பாலும் பேசப்படும் மொழி தமிழ். 1990 இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களில் பலர் வாழ்வு தேடி வந்த மாவட்டமும் அதுவே. அதே வேளை, போவத்தென்னை நீரை எதிர்பார்த்திருக்கும் தம்புள்ளைச் சிங்களக் கமக்காரனின் வயிறும் இதிலே கட்டுண்டிருக்கின்றது. தூசி மொழி பார்த்து விழுவதில்லை. வரட்சியும் இனம் பார்த்து வருவதில்லை.

இன்னொரு நினைவும் உண்டு. 1880 இல் மாத்தளைக்குப் புகைவண்டி வந்தது கரியின் வலுவில். அக்காலத்துக் கொழும்புத் துறைமுகத்தில் கப்பலுக்குக் கரி ஏற்றியும் இறக்கியும் கூடை சுமந்தவர்களில் தமிழ்நாட்டிலிருந்து வந்த நம் தொழிலாளர் பலர். கரி கட்டியாயிருந்ததா தூளாயிருந்ததா என்பதை அவர்களுக்கு நெஞ்சு சொல்லிற்று. அந்தப் பரம்பரையிலே வந்தவர்களுக்குக் கரியைப் பற்றிப் பேச உரிமை இல்லையெனில், வேறு யாருக்கு உண்டு?

நாம் கேட்பவை

நம் கோரிக்கைகள் நான்கு. ஒன்று: ஒவ்வொரு கப்பலுக்கும், இறங்கிய இடத்தில், ஓடும் பட்டியில், விற்பவனையும் வாங்குபவனையும் சாராத கையால் மாதிரி எடுக்கப்படவேண்டும். இரண்டு: வெப்ப அளவோடு வீழ்த்தல், உருட்டல், அரைத்தல் என்னும் மூன்று சோதனைகளின் முடிவும், குறித்த அரிதட்டில் இறங்கிய தூளின் பங்கும் பதியப்படவேண்டும், அளவு மீறிய தூளுக்கு, மிளகுக்குச் செய்வதுபோல், விலையிலே வெட்டு விழவேண்டும். மூன்று: அந்த முடிவுகள் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும், கற்பிட்டிக் கமக்காரனும் மாத்தளைக் கமக்காரனும் காணும்படி வெளியாகவேண்டும். நான்கு: போகத்துக்கு நீர் பங்கிடும் கூட்டங்களிலே, கரி இருப்பும் அதன் தரமும் கமக்கார அமைப்புகளின் முன் வைக்கப்படவேண்டும்.

இதற்குப் பொன்னும் மணியும் தேவையில்லை. ஒரு பெட்டி, ஓர் உருக்குத் தகடு, ஓர் அடுக்கு அரிதட்டு, ஒரு தராசு. வீழ்த்தல் சோதனைக்கு இவை போதும். பேராதனையிலும் மொறட்டுவையிலும் பொறியியற் பீடங்கள் இருக்கின்றன. அங்கே பயின்ற தமிழ்ப் பொறியியலாளரே, இரசாயனவியலாளரே, உங்களைக் கேட்கின்றோம்: உங்கள் தந்தை மிளகு விற்ற பணத்திலே நீங்கள் படித்தீர்கள், அவர் சாக்கில் விழுந்த அரிதட்டை நீங்கள் மறந்துவிட்டீர்களா? ஆய்வுகூடத்து எண்களைக் கமக்காரனுக்கு விளங்கும் தமிழிலே எடுத்துச் சொல்வது உங்கள் கடன்.

கமக்காரப் பெருமக்களே, உங்கள் கையிலும் ஒரு கருவி உண்டு. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் அது. எந்த ஊர்க் கமக்காரனும் பகிரங்க அதிகார சபையிடம் எழுத்திலே கேட்கலாம்; ஏன் கேட்கின்றாய் என்று அவனைக் கேட்க எவருக்கும் உரிமையில்லை; 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லியாக வேண்டும்; மறுத்தால் ஆணைக்குழு வரை மேன்முறையீடு செய்யலாம். இந்தப் பருவத்தில் வந்த கப்பல்கள் எத்தனை, ஒவ்வொன்றிலும் மாதிரி எடுத்தவர் யார், எடுத்த இடம் எது, தூளின் பங்கு எவ்வளவு, அரைபடும் சுட்டெண் என்ன? ஐந்து கேள்விகள், ஒரு தாள், ஒரு கையொப்பம். உக்குவெலையிலிருந்து ஒன்று போகட்டும். நாவுலையிலிருந்து ஒன்று போகட்டும். இறத்தோட்டையிலிருந்து ஒன்று போகட்டும்.

அடுத்த முறை மாத்தளைச் சந்தையிலே வியாபாரி உங்கள் மிளகை அரிதட்டில் இடும்போது, அதன் சத்தத்தைக் கவனித்துக் கேளுங்கள். அந்தச் சத்தம் நுரைச்சோலையிலும் கேட்கும் நாள்வரை நாம் கேள்வியை நிறுத்தப் போவதில்லை.